கொல்லர் கடையும் கொல்லர் கடனும்

சென்ற பூஜை விடுமுறையில் என் வீட்டில் நடந்த ஒரு சிறு உரையாடல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

என் பேரனுக்குப் பதினேழு வயது. பிறந்தது, வளர்ந்தது, படிப்பது எல்லாம் கொல்கத்தாவில்தான். அன்று மாலை கணினியில் பழங்காலச் சாகச விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் அமர்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கவசம் உடைஞ்சு போச்சு தாத்தா. பிளாக்ஸ்மித் கடைக்குப் போகணும். கையிலே காசு பத்தலை" என்றான்.

"கொல்லர் கடைன்னு சொல்லுப்பா" என்றேன்.

"கொல்லர்னா யாரு? காமாரா?"

வங்காளச் சொல் தெரிந்திருக்கிறது, தமிழ்ச் சொல் தெரியவில்லை. இது நம் வீடுகள் எல்லாவற்றிலும் நடப்பதுதான். பிறகு அவன் கேட்டான்: "நிஜமாவே அந்தக் காலத்துலே இப்படிக் கடை இருந்துச்சா? நம்ம ஊர்லேயும் கொல்லர்கிட்டே போய்க் காசு குடுத்து வாளும் கவசமும் வாங்குவாங்களா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, விவரம் சரியாகத் தெரியவில்லை. அதனால் சில வாரங்கள் உட்கார்ந்து படித்தேன். மற்றொரு காரணத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். படித்ததில் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று தோன்றியதைக் கீழே பாடமாகத் தந்திருக்கிறேன்.

1. விளையாட்டில் வரும் கடை

2009-இல் வெளிவந்த 'அசாசின்ஸ் கிரீட்' இரண்டாம் பாகம் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் நடக்கிறது. அதில் பிளாரன்ஸ், வெனிஸ் போன்ற நகரங்களில் கொல்லர் கடைகள் உண்டு. வாள், கத்தி, மார்புக் கவசம் எல்லாம் ஒரே இடத்தில் தயாராக இருக்கும். காசு கொடுத்தால் உடனே கிடைக்கும். அடிபட்ட கவசத்தை அங்கேயே சரிசெய்தும் கொடுப்பார்கள். யார் வந்தாலும் சரி, என்ன காரியத்துக்கு வந்தாலும் சரி, கொல்லர் கேள்வி கேட்பதில்லை.

ஆடுபவருக்கு இது வசதி. ஆனால் வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. ஐரோப்பாவிலேயே இந்தத் தொழில் பல பிரிவாக இருந்தது. லண்டனில் கொல்லர்களுக்கு ஒரு சங்கம், கவசம் செய்பவர்களுக்கு வேறு சங்கம், கத்தி வாள் விற்பவர்களுக்கு இன்னொரு சங்கம். அலகை ஒருவர் அடிப்பார், கைப்பிடியை ஒருவர் பொருத்துவார், உறையை ஒருவர் தைப்பார். இத்தாலியில் மிலான் நகரத்துக் கவசங்கள் பெயர்பெற்றவை. அங்கே மிசாலியா போன்ற குடும்பங்கள் பெரிய பட்டறைகளை நடத்தின. தயார்நிலையில் ஆயுதம் விற்கும் கடைகளும் இருந்தன. ஆனால் அவற்றை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வணிகர்கள். 14-ஆம் நூற்றாண்டில் பிராட்டோ நகரத்துப் பிரான்செஸ்கோ டாட்டினி என்ற வணிகர், பிரான்ஸ் நாட்டு அவிஞோனில் ஆயுத வியாபாரம் செய்துதான் பெரும் செல்வந்தரானார். அவர் சம்மட்டி பிடித்தவர் அல்லர்.

விளையாட்டுகளிலும் ஒன்று இந்த உண்மைக்கு அருகில் வருகிறது. 2018-இல் வந்த 'கிங்டம் கம் டெலிவரன்ஸ்' 1403-ஆம் ஆண்டு பொஹீமியாவில் தொடங்குகிறது. கதாநாயகன் ஹென்றி ஒரு கொல்லரின் மகன். அவன் தந்தை வாள் ஒன்றைச் செய்கிறார். அது கடையில் வைத்து விற்பதற்கு அல்ல, ஊர்ப் பிரபு செய்யச் சொன்னது. பிடிக்குக் கீழே வரும் குறுக்குத் தண்டு வேறிடத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது. செய்துகொடுத்த கருவிகளுக்கு ஒருவன் பணம் தரவில்லை என்று அதை வாங்கி வரவும் தந்தை மகனை அனுப்புகிறார். விளையாட்டின் தொடக்கத்திலேயே கொல்லருக்கு வர வேண்டிய பாக்கி! பேரன் இதைக் காட்டியபோது நான் சிரித்துவிட்டேன். ஏன் என்பது பின்னால் தெரியும்.

2. சங்க நூல்கள் காட்டும் கொல்லர்

இனி நம் ஊருக்கு வருவோம். புறநானூற்றின் 312-ஆம் பாடல் பொன்முடியார் பாடியது. ஒரு வீரன் உருவாவதில் யார் யாருக்கு என்ன கடமை என்று அது வரிசைப்படுத்துகிறது. தாய், தந்தை, கொல்லர், அரசன், கடைசியில் அந்த இளைஞன். இந்த ஐவரில் கொல்லருக்கு உரியது வேலைச் செய்து கொடுப்பது. இதற்கு அந்தப் பாடல் பயன்படுத்தும் சொல் 'கடன்'. கடமை என்று பொருள். விற்பனை என்ற பேச்சே அங்கு இல்லை. பெற்றெடுப்பது தாய்க்கு எப்படியோ, அப்படியே ஆயுதம் தருவது கொல்லருக்கு.

அதே நூலின் 95-ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் செல்கிறார். தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, காவல் மிக்க கொட்டிலில் அழகாக இருக்கின்றன. அதியமானின் ஆயுதங்களோ போரில் வளைந்தும் முனை முறிந்தும் கொல்லரின் சிறு குடிலில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழும் நயத்தைத் தமிழாசிரியர்கள் சொல்லித் தருவார்கள். ஒரு பட்டறைக்காரனாக எனக்குப் பட்டது வேறு. கொல்லரின் வேலையில் பெரும்பகுதி புதிது செய்வது அல்ல, பழுது பார்ப்பது. இந்த ஒரு விஷயத்தில், கவசத்தைச் சரிசெய்து தரும் விளையாட்டுக் கடை உண்மையைத்தான் சொல்கிறது.

கவசத்தின் கதை இன்னும் சுவையானது. கவசம் என்ற சொல் புறநானூற்றிலேயே வருகிறது. ஆனால் அங்கே பேசப்படுவது புலித்தோல் கவசம். கேடயத்துக்கே 'தோல்' என்று ஒரு பெயர் உண்டு. நம் வெயிலுக்கு இரும்புச் சட்டை ஒத்துவருமா? ஆகவே அந்தக் காலத்தில் ஒருவர் வாளும் கவசமும் வாங்கப் புறப்பட்டிருந்தால், வேலுக்கு ஒரு வீட்டுக்கும் கவசத்துக்குத் தோல் வேலை செய்பவர் வீட்டுக்கும் போக வேண்டியிருந்திருக்கும்.

3. கடல் கடந்து போனது எஃகு

அப்படியானால் நம் கொல்லர்கள் செய்தது எதுவும் சந்தைக்குப் போகவில்லையா? போனது. வாளாக அல்ல, பெரும்பாலும் எஃகுக் கட்டியாக.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் 1980-களிலிருந்து பலமுறை அகழாய்வு நடந்திருக்கிறது. அங்கு இரும்பு உருக்கிய உலைகளும் எஃகு செய்த சான்றுகளும் கிடைத்தன. பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் எஃகு உருக்கிய மூசைகளின் உடைசல்கள் குவிந்து கிடந்ததை 1990-களில் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து எழுதினார்.

செய்முறை இதுதான். தேனிரும்புத் துண்டுகளை ஒரு சிறு மண் மூசையில் இடுவார்கள். கூடவே ஆவாரங்குச்சி, எருக்கிலை போன்றவற்றைப் போட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். பல மூசைகளை ஒன்றாக உலையில் அடுக்கித் துருத்தியால் ஊதுவார்கள். உள்ளே இருக்கும் குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறும். இரும்பு உருகும். ஆறியபின் மூசையை உடைத்தால் ஒரு கையளவு எஃகுக் கட்டி கிடைக்கும். எடை ஏறத்தாழ கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை. அதில் கரியின் அளவு சுமார் 1.5 சதவீதம். நான் வேலை பார்த்த காலத்துத் தண்டவாள எஃகில் 0.6 முதல் 0.8 சதவீதம்தான் என்று சொன்னால் வித்தியாசம் புரியும்.

இந்த எஃகுக்குக் கன்னடத்திலும் தெலுங்கிலும் 'உக்கு' என்று பெயர். அதுவே ஆங்கிலேயர் வாயில் 'ஊட்ஸ்' ஆனது. இன்றைய தெலங்கானாவின் கோனசமுத்திரம் ஊருக்குப் பாரசீக வணிகர்கள் நேரில் வந்து கட்டிகளைச் சோதித்து வாங்கிச் சென்றார்கள். அவை மேற்காசியாவில் வாள்களாயின. ஆக, மூலப்பொருள் எடுத்தவர், உருக்கியவர், வாங்கி விற்றவர், வாளாக அடித்தவர் என நாலு பேர். நடுவில் ஒரு கடல்.

இந்தச் செய்முறையை எழுதி வைத்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் புக்கானன். 1800, 1801-ஆம் ஆண்டுகளில் சென்னையிலிருந்து மைசூர், கொங்கு நாடு, மலபார் வழியாகப் பயணம் செய்து, உலைகளை நேரில் பார்த்துக் குறிப்பெடுத்தார். அவரே 1814-இல் சிப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளர் ஆனார். நம் கார்டன் ரீச் ஆற்றங்கரையில் நின்றால் எதிர்க்கரையில் தெரிகிறதே, அதே பூங்காதான். குளிர்காலத்தில் குடும்பத்தோடு அங்கு செல்லும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

1794-இல் மும்பையிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் இந்த எஃகின் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். பிறகு மைக்கேல் பாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார். மின்னியலில் நாம் படிக்கும் அதே பாரடேதான். அவருடைய தந்தை ஒரு கொல்லர். அதை அவர் மறைத்ததில்லை.

ஐரோப்பியக் கொல்லர்கள் பலர் நம் எஃகை வெண்மையாகக் காயும்வரை சூடேற்றி அடித்தார்கள். அது நொறுங்கிப் போயிற்று. கரி அதிகமான எஃகைச் சிவந்த சூட்டிலேயே பொறுமையாக அடிக்க வேண்டும். எந்தச் சிவப்பு என்பது கண்ணுக்குத்தான் தெரியும். அந்த வாள்களில் ஓடும் நீரலை போன்ற கோடுகள் எப்படி வந்தன என்பதற்கு, எஃகில் மிகச் சிறிதளவே கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்கள் காரணம் என்று 1998-இல் ஓர் அமெரிக்க ஆய்வுக் கட்டுரை விளக்கியது. அதை எழுதியவர்கள் வெர்ஹோவன் என்ற பேராசிரியரும், பென்ட்ரே என்ற கொல்லரும், அவர்களோடு உழைத்த இன்னொருவரும். கொல்லரின் பெயரும் ஆய்வாளர் வரிசையில் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பேரன் ஆடும் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தில் 2022-இல் 'திராவிடர்' என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். அவர்களுக்கே உரிய சிறப்பு 'ஊட்ஸ் எஃகு'. அதைப் பெற்றுவிட்டால் எதிரியின் கவசம் ஒன்றுமில்லாமல் போய்விடுமாம். எந்த எஃகும் அப்படிச் செய்யாது என்று அவனிடம் சொன்னேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்த விளையாட்டில் ஊட்ஸ் எஃகைக் கொல்லர் கூடத்தில் பெற முடியாது, கோட்டையில்தான் பெற வேண்டும். பெயர் மிஞ்சியது, செய்த ஆள் காணாமல் போனார்.

4. உலை அணைந்த கதை

ஆள் காணாமல் போனது விளையாட்டில் மட்டும் அல்ல. 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது உத்தரவு. மூன்றரை மாதம் கழித்து, 1802 மார்ச் 18 அன்று, நம் கொல்கத்தாவின் காசிப்பூரில் கம்பெனியின் பீரங்கி வண்டித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆயுதம் செய்யும் வேலை கிராமத்து உலையை விட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்பது விளங்கும்.

1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் மீதியை முடித்தது. உரிமம் இல்லாமல் ஆயுதம் செய்யவோ விற்கவோ வைத்திருக்கவோ கூடாது என்றாயிற்று. இதற்கிடையே இங்கிலாந்து இரும்பு மலிவாக வந்து இறங்கியது. கரிக்கு வேண்டிய காடுகளும் கைவிட்டுப் போயின. உருக்கும் உலைகள் அணைந்தன. கொல்லருக்கு எஞ்சியது கொழு, மண்வெட்டி, அரிவாள், வண்டிச் சக்கரத்துப் பட்டை. திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு இன்றும் இருக்கும் பெயர் அந்தப் பழைய கைத்திறனின் மிச்சம்.

5. என் வீட்டுக் கணக்கு

இப்போது இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். பேரன் கேட்டபோது நான் தயங்கியதற்குக் காரணம், என் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, ஒரு கொல்லர். காங்கேயம் பக்கம் ஒரு சிற்றூர். கொடுமணல் அங்கிருந்து அதிக தூரம் இல்லை. ஊரார் அவரை 'ஆசாரி' என்று அழைப்பார்கள்.

அவருடைய பட்டறையில் விலைப்பட்டியல் கிடையாது. ஒரு ஏருக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று, அறுவடை முடிந்ததும் களத்துமேட்டில் கம்பும் சோளமும் வள்ளக் கணக்கில் அளந்து கொடுப்பார்கள். அதற்கு ஈடாக வருடம் முழுவதும் கொழு அடித்துத் தர வேண்டும், அரிவாளுக்குத் தோய்ச்சல் போட்டுத் தர வேண்டும். காசு என்று கண்ணில் பார்ப்பது கண்ணபுரம் தேர்த்திருவிழாச் சந்தையில் லாடமும் கத்தியும் விற்கும்போதுதான்.

மழை பொய்த்த வருடம் களத்துமேட்டில் ஒன்றும் இராது. அளக்க ஒன்றுமில்லை என்று குடியானவர் கையை விரிப்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்த மழைக்குக் கொழு அடித்துத் தரமாட்டேன் என்று கொல்லர் சொல்ல முடியுமா? முடியாது. அது அவருடைய கடன். இப்படி இரண்டு மூன்று வருடம் தொடர்ந்தபோதுதான் என் அப்பா பட்டறையை விட்டுக் கோவைக்கு வார்ப்பட வேலைக்குப் போனார். அதனால் நான் டிப்ளமா படித்தேன். 1982-இல் தென்கிழக்கு ரயில்வேயில் சேர்ந்து கரக்பூர் பணிமனைக்கு வந்தேன். அப்பாருக்கு ஊர் வைத்த அந்தப் பாக்கிதான் எங்கள் குடும்பத்தைக் கொல்கத்தாவுக்கு அழைத்து வந்தது என்றால் தவறில்லை.

படித்த காலத்தில் விடுதி நண்பர்கள் "உங்க வீட்டிலே என்ன தொழில்?" என்று கேட்டால் "விவசாயம்" என்பேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகவே சொன்ன பொய் அது. பணிமனையின் ஸ்மித் ஷாப்பில் ஸ்ரீகாகுளம் பக்கத்து மூத்த கொல்லர் ஒருவர் இருந்தார். பட்டை ஸ்பிரிங்கை உலையிலிருந்து எடுத்ததும் நிறத்தைப் பார்த்தே "இன்னும் கொஞ்சம் ஆறட்டும் சார்" என்பார். கருவி வைத்துச் சோதித்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். "இந்தக் கண் எங்க அப்பாருக்கும் இருந்துச்சு" என்று அவரிடம் சொல்ல எத்தனையோ முறை வாய் வரை வந்தது. சொல்லாமலேயே அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பாரடே மறைக்காததை நான் மறைத்தேன்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பேரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அவருக்கு வர வேண்டிய பாக்கியை யாருமே குடுக்கலையா தாத்தா?" என்று கேட்டான். அந்த ஹென்றியின் தந்தை நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

6. நம் ஆற்றங்கரைக் கொல்லர்கள்

ஆயுதமும் கவசமும் செய்யும் கொல்லர் இன்று எங்கே? நம் தெருவைத் தாண்டினாலே இருக்கிறார். 1884-இல் சிறு பட்டறையாகத் தொடங்கி, 1960-இல் அரசுடைமையான கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளம், 1961-இல் 'அஜய்' என்ற ரோந்துக் கப்பலைக் கடற்படைக்குக் கொடுத்தது. சுதந்திர இந்தியாவில் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பல் அது. 2014-இல் கடற்படையில் சேர்ந்த 'கமோர்த்தா' இங்கு கட்டப்பட்டதுதான். அதன் உடல் நம் நாட்டிலேயே உருவாக்கிய தனிவகை எஃகால் ஆனது. இங்கும் போகிறவர் வருகிறவர் காசு கொடுத்து வாங்க முடியாது. அரசு கேட்கிறது, கொல்லர்கள் செய்து தருகிறார்கள். பொன்முடியார் காலத்து ஏற்பாடுதான். ஒரே வித்தியாசம், மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது.

ஆகவே பேரனின் கேள்விக்கு என் பதில் இது: கொல்லர் இருந்தார், ஆயுதமும் செய்தார். ஆனால் அவருக்குக் கடை இருந்ததைவிடக் கடன்தான் அதிகம் இருந்தது. விளையாட்டில் அவர் கையில் உடனே காசு விழுகிறது. நிஜத்தில் அது பல சமயம் விழவில்லை.

பிள்ளைகளுக்குச் சில சொற்கள்

உலை - இரும்பைக் காய்ச்சும் அடுப்பு.
துருத்தி - உலைக்குக் காற்று ஊதும் தோற்பை.
பட்டடை - காய்ந்த இரும்பை வைத்து அடிக்கும் கட்டி. 
பட்டறை - கொல்லர் வேலை செய்யும் இடம்.
சம்மட்டி - பெரிய சுத்தியல்.
குறடு - சூடான இரும்பைப் பிடிக்கும் கருவி.
மூசை - உலோகம் உருக்கும் மண் குப்பி.
கொழு - ஏரின் நுனியில் மண்ணைக் கீறும் இரும்பு.
தோய்ச்சல் - காய்ந்த இரும்பை நீரில் தோய்த்து உரமேற்றுவது.
கடன் - இதற்கு இரண்டு பொருள்: நாம் செய்ய வேண்டிய கடமை, நாம் திருப்பித் தர வேண்டிய பாக்கி.

பயிற்சி: உங்கள் தாத்தா, பாட்டி, அவர்களுடைய பெற்றோர் என்ன தொழில் செய்தார்கள் என்று வீட்டில் கேட்டு, பத்து வரிகளில் தமிழில் எழுதுங்கள். பெரியவர்கள் தயங்கினால் விடாமல் கேளுங்கள்.